தொழிற்பழகுநர் முறையும் பண்ணை யந்திரங்களும்

கமலையும் மரக்கலப்பையும் வழக்கத்திலிருந்த காலத்தில், விவசாயக் கருவி எதுவும் பழுதுபட்டால் அதைச் சீர்செய்யும் மனிதர் ஊருக்குள்ளேயே இருந்தார். கொழு மழுங்கினால் கொல்லுப்பட்டறை. ஏர்க்கால் முறிந்தால் தச்சர் வீடு. கமலையின் தும்பி கிழிந்தால் தோல் தைப்பவர். இவர்களுக்கு அறுவடைக் களத்தில் நெல் அளந்து கொடுப்பது வழக்கம். இவர்கள் எந்தப் பள்ளியிலும் தொழில் கற்றவர்களல்லர். துருத்தி ஊதும் சிறுவனாகப் பட்டறையில் நுழைந்து, பின் சம்மட்டி பிடித்து, பல வருஷங்கள் கழித்தே உலைக்கு முன்னால் உட்காரும் உரிமையைப் பெற்றார்கள். இம்முறையில் குறைகள் பல இருந்தன. தகப்பன் தொழிலே மகனுக்கு என்று ஜாதியின் பேரால் கட்டுண்டு கிடந்ததும், எழுத்தறிவு அதனுடன் சேராததும் அவற்றுள் பெரியவை. ஆயினும், வேலை நடக்கிற இடத்திலேயே, வேலை தெரிந்தவர் கண்முன்னே, வேலையைக் கற்பது என்ற நல்ல அம்சம் ஒன்று அதில் இருந்தது.

பிறகு கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. வயலுக்கு டிராக்டர் வந்தது. கூலியாட்கள் குறையக் குறைய நடவு யந்திரமும் அறுவடை யந்திரமும் வந்து சேர்ந்தன. இவற்றை வாங்குவதற்குச் சர்க்கார் மானியம் உண்டு. வாங்க இயலாதவர்களுக்காக வாடகை நிலையங்களும் அநேக ஊர்களில் ஏற்பட்டிருக்கின்றன. மானியத்தால் யந்திரம் வரும். அதைத் திறந்து பார்த்துப் பழுதை அறியும் கை மானியத்தால் வருவதில்லை. அந்தக் கை வளர்வதற்கு மூன்று நான்கு வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களுக்கு வேண்டிய ஏற்பாட்டை எவரும் முன்கூட்டிச் செய்யவில்லை என்பதே இன்றைய கஷ்டங்களுக்கெல்லாம் மூலம்.

டெல்டாப் பகுதியின் குறுவைச் சாகுபடியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளாகிய ஜூன் 12-ம் தேதியை ஒட்டியே அங்கு விதைப்பும் நடவும் கணக்கிடப்படுகின்றன. நடவு யந்திரத்துக்கென்று பாய் நாற்றங்கால் விடும் விவசாயி, நாற்றுக்கு 15 முதல் 18 நாள் வயதிருக்கும்போதே நட்டாக வேண்டும். நாள் கடந்தால் நாற்று உயர்ந்துவிடும். பாயின் அடியில் வேர்கள் பின்னிக்கொண்டு இறுகிவிடும். யந்திரத்தின் விரல்கள் நாற்றைச் சீராகக் கிள்ளமாட்டா. இப்படியிருக்க, பதினாறாம் நாள் காலையில் யந்திரத்தின் விரல் ஒன்று வளைந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுப் பாகம் நகரத்துக் கடையில் கிடைக்கக்கூடும்; அதை அளவு பார்த்து மாட்டத் தெரிந்தவரோ நாலைந்து ஊர்களுக்கு அப்பால் வேறொருவர் வயலில் இருப்பார். அவர் வந்து சேருவதற்குள் நான்கு நாள் சென்றால், விதையும் நாற்றங்கால் செலவும் போவதோடு பட்டமும் தவறிப்போகும். பாகத்தின் விலை சொற்பம். நஷ்டமோ ஒரு போகத்தின் நஷ்டம்.

ஆழ்குழாய்க் கிணறுகளில் இறக்கப்படும் நீர்மூழ்கி மோட்டாரின் கதை வேறு விதமானது. மூன்று மின்வரிசைகளில் ஒன்று அற்றுப்போயிருக்கும்போதோ, மின்சாரத்தின் அழுத்தம் மிகக் குறைந்திருக்கும்போதோ மோட்டார் ஓடினால், அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் பாய்ந்து கம்பிச்சுற்று கருகிவிடும். அதைக் கிணற்றிலிருந்து தூக்கி, சுற்றுக் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுற்றிப் பொருத்துகிறார்கள். எந்தப் பருமனுள்ள கம்பி, ஒரு குழிக்கு எத்தனை சுற்று என்பதைத் தயாரிப்பாளர் கணக்கிட்டு வைத்திருக்கிறார். நீர் நிரம்பி ஓடும் மோட்டாருக்குப் பிளாஸ்டிக் உறையிட்ட தனிக் கம்பியும் வேண்டும். கைப்பழக்கத்தால் மட்டும் தொழில் கற்றவர், சில சமயங்களில் கையிலிருக்கும் கம்பியைச் சுற்றிச் சுற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார். மோட்டார் ஓடத்தான் செய்யும்; ஆனால் சூடேறும்; முன்னிலும் அதிக மின்சாரத்தை இழுக்கும்; அடுத்த கோடைக்குள் மறுபடியும் கருகும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால், கூடுதலாகச் செலவாகும் மின்சாரம் விவசாயியின் கண்ணில் படுவதில்லை. அந்த வட்டாரத்துக்கே பொதுவான டிரான்ஸ்பார்மர் சூடேறி நிற்கும்போது அது தெரியவரும். கம்பி சுற்றியவர் கெட்டிக்காரர்தாம். அவருக்கு வேண்டியது சிறிது கணக்கும் ஓர் அளவுக் கருவியும். கல்லூரியில் மோட்டாரின் கணக்கைப் படித்த மாணவரோ, கருகிய மோட்டார் ஒன்றைத் தம் கையால் பிரித்தே இருக்கமாட்டார். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை.

இவ்விரண்டையும் ஒரே மதிலுக்குள் சேர்க்கும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பைக்காராவிலிருந்து 1930-களில் மின்சாரம் வந்தபின் கோயமுத்தூர் ஜில்லாவில் ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். பி. எஸ். ஜி. அறநிலையத்தார் 1926-லேயே ஒரு தொழிற்கூடத்தை ஏற்படுத்தியிருந்தார்கள். 1951-ல் அதனோடு இணைந்தாற்போல் தொழில்நுட்பக் கல்லூரியைத் திறந்தார்கள். பம்பும் மோட்டாரும் விற்பனைக்குச் செய்யப்படும் பட்டறையிலேயே மாணவர்கள் வேலை பழகுவதென்பது ஏற்பாடு. விற்பனைக்குப் போகும் சாமான் என்பதால் தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும். பயிற்சிக்கென்று செய்து மூலையில் போடும் சாமானில் அந்தக் கண்டிப்பு இராது. ஜி. டி. நாயுடுவின் அபிப்பிராயம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரால் ஏற்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராயிருந்த அவர், நான்கு வருஷப் படிப்பு அநாவசியமென்றும், பட்டறை வேலையுடன் இரண்டு வருஷம் போதுமென்றும் வாதாடினார். அவர் யோசனை ஏற்கப்படாமையால் பதவியை விட்டு விலகினார். இரண்டு வருஷம் போதுமா என்பதில் ஐயம் கொள்ள இடமுண்டு. பட்டறை வேண்டும் என்பதில் இடமில்லை.

இன்று கோயமுத்தூரின் பம்புகள் நாடெங்கும் போகின்றன. ஆனால் பம்பைச் செய்யும் ஊரில் தேர்ந்த தொழிலாளர்கள் கூடுவதும், பம்பு ஓடும் ஊரில் அவர்கள் இல்லாமற்போவதும் சேர்ந்தே நடக்கின்றன. கிராமத்துப் பிள்ளை தொழில் கற்க நகரத்துக்குப் போகிறான். கற்றபின் அங்கேயே தங்கிவிடுகிறான். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஊரில் அவனுக்கு மாதாமாதம் கிடைக்கும் வருமானம் என்ன என்பதை ஊரார் எண்ணிப் பார்த்ததுண்டா?

சட்டம் சொல்வது

தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. முதலில் கைத்தொழிலாளர்களுக்கு மட்டும் என்றிருந்த இச்சட்டத்தில், 1973-ல் பட்டதாரி எஞ்சினீயர்களும் டிப்ளமா பெற்றவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2014-ல் செய்த திருத்தத்தால், சர்க்கார் குறித்த தொழில்களேயன்றி, ஸ்தாபனங்கள் தாமே வகுத்துக்கொள்ளும் தொழில்களிலும் பழகுநர்களை அமர்த்த வழி பிறந்தது. 2019-ம் வருஷத்து விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் ஸ்தாபனம் தன் ஆட்களின் எண்ணிக்கையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர்களை வைத்துக்கொள்வது கட்டாயம். 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்களில் அது அவரவர் இஷ்டம். அதே விதிகள் பழகுநரின் உபகாரச் சம்பளத்தைக் கல்வித் தரத்துக்கேற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை, அதற்குக் குறையாமல், என்று நிர்ணயித்தன. 2016-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இத்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

பெற்றோரும் கிராம அதிகாரிகளும் அறியவேண்டிய சில விவரங்கள் உண்டு. பழகுநருக்கு வயது 14 நிரம்பியிருக்க வேண்டும். அபாயமான தொழில்களுக்கு 18. பதினெட்டு வயதுக்குட்பட்டவனானால் ஒப்பந்தத்தில் தகப்பனாரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். சட்டத்தின் கண்ணில் பழகுநர் மாணவரேயன்றித் தொழிலாளர் அல்லர். ஆகவே பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கடமை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி, எஜமானருக்கு இல்லை. இதை அறியாமல் 'வேலை கிடைத்துவிட்டது' என்று எண்ணிப் பின்னால் மனவருத்தம் கொள்ளும் குடும்பங்கள் உண்டு. வேலையில் காயம் நேர்ந்தால் நஷ்டஈடு பெறும் உரிமை மட்டும் பழகுநருக்கும் உண்டு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், வாய்ப்பேச்சில் பையனை ஒப்படைத்துவிட்டால் இந்த உரிமைகள் எதையும் நிலைநாட்டுவது சிரமம்.

இச்சட்டத்தில் விவசாயிகளைப் பொறுத்தவரை ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. கிராமத்து மோட்டார்களில் பெரும்பாலானவற்றைச் சீர்செய்வது எவ்விடம்? சந்தைப்பேட்டைச் சாலையோரத்தில், ஒரு மேஸ்திரியும் இரண்டு பையன்களும் உள்ள கடை. நாலு பேருக்குக் குறைந்த அந்தக் கடை சட்டத்தின் வாயிலுக்குள்ளேயே வர முடியாது. அங்கே பழகும் பையன் ஐந்து வருஷம் கழித்து நல்ல தொழிலாளியாக வெளிவருகிறான். ஆனால் கையில் ஒரு பத்திரம் இல்லை. பாங்கியில் கடன் கேட்கப் போனால் காட்டுவதற்கு எதுவுமில்லை. நாட்டில் தொழிலறிவுப் பஞ்சம் என்று கணக்கெடுப்பவர்கள் இவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருக்கிற அறிவைச் சோதித்துச் சான்று வழங்கும் முறை 2015-க்குப் பின் சர்க்காரின் திறன் திட்டங்களில் இடம்பெற்றது நல்ல காரியமே. எனினும் சோதனை மட்டும் போதாது. கம்பிச்சுற்றின் கணக்கை எவரேனும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

ஜெர்மானிய நாட்டு வழக்கம்

பட்டறையையும் பள்ளியையும் சேர்த்து நடத்துவதில் ஜெர்மனி நெடுங்காலமாகப் பேர் பெற்றது. 1969-ல் அங்கே இயற்றிய தொழிற்பயிற்சிச் சட்டத்தின்படி, பழகுநர் வாரத்தில் சில நாள் எஜமானரிடம் வேலையிலும், ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார். அல்லது சில வாரங்கள் சேர்ந்தாற்போல் பள்ளிக்குப் போவார். அந்நாட்டில் விவசாயமே பழகித் தேறவேண்டிய தொழில்களில் ஒன்று என்பது நம்மவர்களுக்கு வியப்பாயிருக்கும். பயிர்த்தொழில், தோட்டம், கால்நடை, திராட்சை வளர்ப்பு, மீன் வளர்ப்பு முதலாக 14 தொழில்களை அவர்கள் பசுமைத் தொழில்கள் என்று வகுத்திருக்கிறார்கள். விவசாயிக்குப் பயிற்சிக்காலம் மூன்று வருஷம். பண்ணை யந்திரங்களைச் சீர்செய்பவருக்கு மூன்றரை வருஷம். பழகுநர் தாம் செய்த வேலையைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். அதைக் காட்டினாலன்றி இறுதிப் பரீட்சையில் உட்கார முடியாது.

இதில் மிராசுதார்கள் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அங்கே பிள்ளைகளுக்குக் குருவாக இருப்பவர் நிலமுடைய விவசாயியே. எந்தப் பண்ணைக்காரரும் பையனை வைத்துக்கொள்ளலாம் என்பதில்லை. பண்ணை பார்வையிடப்பட்டு அங்கீகாரம் பெற வேண்டும். பயிற்சி அளிக்கும் தகுதியையும் பண்ணைக்காரர் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பட்டம் சமூகத்தில் மதிப்புக்குரியது. நம் நாட்டிலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் 2016 முதல் இந்த இரட்டைப் பயிற்சி முறை புகுத்தப்பட்டது. ஆனால் அதில் கைகோத்தவை பெரும்பாலும் மோட்டார் வண்டி, மின்சாரச் சாதனம் முதலியவற்றைச் செய்யும் ஸ்தாபனங்களே. விவசாயத் தரப்பிலிருந்து கைநீட்டியவர் சொற்பம்.

கல்லூரி மாணவர் ஊருக்கு வரும்போது

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1868-ல் சென்னைச் சைதாப்பேட்டையில் தோன்றி 1906-ல் கோயமுத்தூருக்கு மாறிய வேளாண் பள்ளியின் வழிவந்தது. விவசாயிகளுக்கு நேர்முகப் பயிற்சி தருவதற்கென ஏற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்களில், நாட்டிலேயே முதலாவது 1974-ல் புதுச்சேரியில் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கி அனுபவம் பெறும் ஏற்பாடும் வெகு வருஷங்களாக நடக்கிறது. 2015-ல் அது தொழிற்சாலைப் பயிற்சியுடன் ஒரே திட்டத்தில் இணைக்கப்பட்டது.

ஏற்பாடு நல்லதே, நடப்பதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாயிருக்கும். மாணவர்கள் ஊருக்கு வந்தால், விருந்தினராகப் பாவித்துக் காப்பி கொடுத்து, மரத்தடியில் துணித்தட்டியைக் கட்டிப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர்கள் வந்தது கற்பதற்கு. விசைத்தெளிப்பான் அடைபட்டால் கழற்றச் சொல்ல வேண்டும். சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டியைத் திறந்து கழுவச் சொல்ல வேண்டும். உளுந்து விதைக்கும்போது விதைப்புக் கருவியின் அளவைத் திருத்தச் சொல்ல வேண்டும். தவறு செய்தால் கண்டிக்கவும் வேண்டும். நாளை உதவி வேளாண்மை அலுவலராகவோ கம்பெனியின் பிரதிநிதியாகவோ அதே மாணவர் வந்து நிற்பார். அன்று அவருக்கு வேலை தெரியவில்லை என்று நொந்துகொள்வதைக் காட்டிலும் இன்று சற்றுக் கடுமையாயிருப்பது மேல்.

வேளாண் நிலையங்களில் நடக்கும் ஒரு வார காலப் பயிற்சிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். தேனீ வளர்ப்பு, காளான் போன்றவற்றுக்கு அவை தொடக்கமாக உதவும். யந்திரத்தைப் பொறுத்தமட்டில், ஏழு நாளில் ஒருவர் யந்திரத்தைப் பார்த்து அஞ்சாமலிருக்கக் கற்கலாம். சீர்செய்யக் கற்க இயலாது. யந்திரங்களை இயக்கவும் பேணவும் ஆழ்ந்த பயிற்சி வேண்டுவோருக்கு, மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும் ஆந்திராவில் அனந்தபுரத்தை அடுத்த கார்லதின்னேயிலும் மத்திய சர்க்காரின் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன.

2022-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் சேர்ந்து 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்க முற்பட்டது. கணக்கிடும் யந்திரத்தால் ஓடும் கடைசல் எந்திரமும், யந்திரக் கையும் அங்கே வந்தன. தொழிற்சாலைகளுக்கு அவை அவசியமே. அதே மேஜைமேல் கருகிய நீர்மூழ்கி மோட்டார் ஒன்றுக்கும், நடவு யந்திரத்தின் விரலொன்றுக்கும் இடம் இருக்கவேண்டும் என்று கேட்பது அதிகமாகாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் விவசாயிகள். தொழிற்சாலைக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுகிறார்கள்.

கூட்டுறவால் ஆகும் காரியம்

தனி விவசாயி ஒருவர் பழகுநரை அமர்த்துவது நடைமுறையில் அரிது. ஆனால் யந்திர வாடகை நிலையம் நடத்தும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமோ நாலு பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்குமானால், பழகுநரை ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. வட்டாரத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் விவசாய யந்திரத் தொழிலிலோ டிராக்டர் தொழிலிலோ தேறிய பிள்ளைகளில் இருவரை எடுத்து, பருவ காலத்தில் வயலிலும், யந்திரங்கள் ஓய்ந்திருக்கும் மாதங்களில் அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையிலும் பழக்கலாம். யந்திரம் விற்ற கம்பெனியின் சேவை நிலையத்துக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் அனுப்ப வேண்டும் என்பதை, யந்திரம் வாங்கும்போதே விலைப்பேச்சில் சேர்த்துக் கேட்கலாம். வாங்கியபின் கேட்டால் நடவாது. சாலையோரத்து மேஸ்திரியை வாரத்தில் ஒரு நாள் கூலி கொடுத்து வரவழைத்தால், அவர் கைப்பழக்கம் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் அளவுக் கணக்கு அவருக்கும் போய்ச் சேரும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடவு இதுகாறும் பெண்களின் வேலை. யந்திரம் வந்ததும் அந்த வேலை ஆண்களிடம் போய்விட்டது. நாற்றின் வயதையும் வயலின் சேற்றையும் பார்த்த மாத்திரத்தில் அறிபவர்களை விலக்கிவிட்டு, அவற்றை அறியாத பையனை யந்திரத்தில் ஏற்றுவதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறது? ஊரை விட்டுப் போகாமல் தங்குவார் யார் என்று பார்த்தாலும், மணமாகி அவ்வூரிலேயே குடியிருக்கும் பெண்ணைப் பழகுநராக்குவதே சங்கத்துக்கு லாபம். பண்ணை வேலையாட்களின் மக்களுக்கும் இதில் முதலிடம் தருவது நியாயம். நிலமுள்ளவர் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு படிப்புக்குப் போய்விட்டார்கள்.

பயிற்சி முடிந்தவன் ஊரில் தங்குவதற்குச் சங்கம் செய்யக்கூடியது, பருவத்துக்கு முன் யந்திரங்களையும் மோட்டார்களையும் பார்வையிடுவதற்கு வருஷ ஒப்பந்தம் ஒன்று ஏற்படுத்துவது. முற்காலத்தில் கொல்லருக்கு நெல் அளந்ததைப்போல், மோட்டார் ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அங்கத்தினர்கள் கொடுத்துவிட்டால், பழுது வந்தபின் அழைக்கும் அவசரம் குறையும். அவனுக்கும் பருவமில்லா மாதங்களில் அடுப்பெரியும். தொகை எவ்வளவு என்பதை ஒவ்வொரு சங்கமும் தன் மோட்டார்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஒரு மோட்டாரைத் தூக்கி இறக்கி மறுசுற்றுச் செய்த பழைய ரசீதுகள் மூன்றைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசினால் அங்கத்தினர் இணங்குவது எளிது.

இவ்வாறு பழகுநரை ஏற்க விரும்பும் சங்கங்கள் ஜில்லாத் தலைநகரிலுள்ள மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தின் உதவி இயக்குநரை அணுக வேண்டும். பதிவும் ஒப்பந்தமும் இணையதளம் வழியாகவே செய்யப்படுகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் சேருவதற்கான மனுக்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானதை ஒட்டி வாங்கப்படுகின்றன. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, மாணவரின் பெயரிலேயே உள்ள பாங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை முன்கூட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று வேண்டுவோர் கடைசி வாரத்தில் கூட்டமாக வருவதால், கிராம நிர்வாக அலுவலர்கள் அவற்றைச் சித்திரை மாதத்திலேயே கேட்டுப் பெறும்படி ஊரில் அறிவிப்பது உசிதம்.